முதல் வரியை அறிந்தவர்

சென்ற ஞாயிறு மதியம் ஆரோக்கியமேரியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவைத்தேன். அசட்டுக் கேள்விதான். அதற்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவள் அம்மாவும் என் அசட்டுத்தனங்களை அப்படித்தான் பொறுத்துக்கொண்டவர்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் பேராசிரியர். நீங்கள் பெருமையாக எழுதிக் காட்டிய புரோகிராமை வாங்கி, மறுநாள் அதன் ஓட்டைகளோடு சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தவர். எனக்கு அவர் விழுப்புரம் பாசஞ்சரில் இடம்பிடித்து வைத்தவர். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் சென்னையில் எம்.இ. படித்தோம். விடுதி வாசம், சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவோம். முகையூர்ப் பக்கத்துக்காரரான அவர் விழுப்புரத்தில் ஏறுவார். திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்தானான நான் திண்டிவனத்தில் ஏறுவேன். ஜன்னலோரம் அவருடைய பை உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால் அது என் இடம். பதிலுக்கு நான் அவித்த மல்லாட்டை கொண்டுபோவேன்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் சங்கேதவியல். ஒரு செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி எண்களாக மாற்றி அனுப்பும் கணக்கு. கம்ப்யூட்டரையே பார்த்திராத ஊரில் இதை எப்படி விளக்குவது? மகன் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடப் படிக்கிறான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பீரோ பூட்டு சிக்கிக்கொண்டதென்று ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். இதைச் சொன்னபோது மேரி மதுராந்தகம் வரைக்கும் சிரித்தார்.

நான் புதிதாக ஒரு பூட்டுச் செய்வது, அதை மேரி உடைத்துப் பார்ப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு. முறை ஊருக்கே தெரிந்தாலும் சாவி தெரியாதவரை செய்தி தப்பிக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் பாலபாடம். அதனால் செய்முறை முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டு, பூட்டிய செய்திகளை வாராவாரம் அச்செடுத்துக் கொடுப்பேன். உடைக்க வரவில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்குவார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது. பட்டம் கையில் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை என்று பேசியாகிவிட்டது. அப்பா அதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை நான் வந்து உட்கார்ந்ததும் மேரி மல்லாட்டையை உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "உங்க வூட்ல மல்லாட்ட புடுங்க ஆள் கெடைச்சாங்களா, சுப்பராயன்?"

கிடைத்தார்கள், சனிக்கிழமையே முடிந்தது என்று நானும் சாதாரணமாகச் சொன்னேன். வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது. ஆள் கிடைக்காத விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாகப் பூட்டிக் கொடுத்த செய்தியில் மட்டும்தான் அது இருந்தது. சோதனைக்கு எழுத வேறொன்றும் தோன்றாமல், அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதுபோல் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன்.

"எப்படி?" என்றேன்.

"மயிலம் முருகன் துணை" என்றார்.

எங்கள் வீட்டில் எதை எழுதினாலும் தலைப்பில் அந்த வரி வரும். பரீட்சைத் தாளிலும் எழுதுவேன், மளிகைச் சீட்டிலும் எழுதுவேன். கை தானாக எழுதிவிடும். பூட்டிய செய்திகளிலும் எழுதியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் நோட்டுகளில் அதைப் பார்த்துப் பழகியிருந்த மேரி அந்த வரியை வைத்து, அதை மறைத்திருந்த ரகசிய எண்களைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த எண்களில் ஒரு துண்டு கிடைத்தால் மீதி முழுவதையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். என் முறையின் அந்தப் பலவீனம் எனக்குத் தெரிந்ததுதான். அந்தத் துண்டு யாருக்குக் கிடைக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவோரம் போய் நின்றுகொண்டேன். செங்கல்பட்டு வந்ததும் மேரியே இறங்கி இரண்டு டீ வாங்கி வந்தார்.

"எங்கிட்ட தோத்தா இந்த வண்டியோட போச்சுங்க. வைவாவுக்கு வர்றவரு ஒடைச்சா என்ன பண்ணுவீங்க?"

அந்த வரியை எடுத்துவிடுகிறேன், தீர்ந்தது என்றேன்.

"சாமிய ஏன் எறக்கறீங்க? அவரு தலைப்புல இருக்கட்டும். பூட்டு அவர நம்பிக்கினு இருக்கக்கூடாது."

பிறகு, தன் அம்மா கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவர் என்றும், பூட்டு திறந்ததும் முதலில் வந்து விழுந்தது அந்த வேலைதான் என்றும் சொல்லிச் சிரித்தார். அவர் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஆய்வேட்டைக் கொடுக்க என் வழிகாட்டியிடம் தவணை கேட்டேன். கல்லூரி வேலை கைநழுவியது; அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஆறு மாதமும் நான் பூட்டைத் திருத்தினேன், மேரி உடைத்தார். மூன்று முறை உடைத்தார். கடைசியில், "பேஜாரா கீதுங்க, வரல" என்று பென்சிலைக் கீழே வைத்தார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் முதல் கேள்வியாக, செய்தியின் முதல் வரி திருடனுக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தெரிந்துதான் இருந்தது என்று தொடங்கி, மேரியின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். வேறு கல்லூரியில் வேலை கிடைத்தது. இன்றுவரை நான் சாப்பிட்ட சோறு அந்தத் திங்கட்கிழமை போட்டது.

உடைத்துக் காட்டுகிறவர் பகைவர் அல்ல என்று அவர் தன் மாணவர்களுக்குச் சொல்வாராம். நான் அதைச் செங்கல்பட்டு டீயோடு சேர்த்துக் கற்றவன். என் மாணவர்கள் என் பிழையைச் சுட்டும்போது கதவோரம் போய் நிற்காமல் இருக்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அது.

இதை எழுத உட்கார்ந்தபோதும் என் கை முதலில் அந்த வரியைத்தான் எழுதியது. அச்சில் அது வராது. தாளைப் பார்க்காமலே அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார்.