வாய்க்கால் வளைவில் எடுத்த மண்

தையில் மேட்டூர் அணையை மூடினதும் எங்கள் வாய்க்கால் வற்றத் தொடங்கும். மாசி, பங்குனியில் சேறு காய்ந்து, வெடித்து, ஓடு ஓடாகச் சுருண்டுகொள்ளும். அந்த ஓட்டை எடுத்துத் தூசியை ஊதிவிட்டு, அடுப்பில் கங்கு ஓரமாகக் கொஞ்ச நேரம் வைத்தால் ஒரு மணம் வரும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு அந்த மணம் வந்தால் கை சும்மா இருக்காது. மசக்கைக்கு மாங்காய் கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் மண்ணும் கேட்பார்கள்.

என் மனைவி நான்கு பிள்ளைக்கும் இந்த மண்ணைத்தான் தின்றாள். எங்கே எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் ஊரார் வயலுக்கு இந்த வாய்க்காலிலிருந்து நீர் பாய்ச்சினவன் நான். மதகடியில் எடுத்தால் மணல், பல் நறநறக்கும். வளைவில், தண்ணீர் வேகம் குறைந்து திரும்புகிற இடத்தில், புங்கமரத்துக்கு நேராக மாவு மாதிரி வண்டல் படியும். ஒரு தரம் பண்ணையார் வீட்டு மருமகளுக்கே ஆள் விட்டு என்னிடம் வாங்கிப் போனார்கள். அந்த அம்மாள் பெற்ற பையன் இன்றைக்கு வக்கீலாக இருக்கிறான். அது வேறு கதை.

அப்போது இரண்டு கரையும் வயல். இப்போது கும்பகோணம் எங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வளைவுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை ஒன்று போட்டார்கள். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அங்கே வரும். கோடாலியால் பிளந்து, ஆசிட்டை வாய்க்காலில் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கிற ஈயத் தகட்டை உருக்குவார்கள். புகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். புகையை மட்டும்தான் திட்டினோம். வாய்க்காலில் ஊற்றுவதைத் தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். காவிரித் தண்ணீர்மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. இன்று அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கடைசி மகளைக் குத்தாலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். நாலாம் மாதம் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமியார்ட்ட சொல்லிடாத. நம்ம வாய்க்கா மண்ணு கொஞ்சம் வேணும்ப்பா."

"உங்க அம்மா மாதிரியேதான் நீயும்" என்று சிரித்தேன். துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். மூன்று தடவை போனேன். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்குப் பிறகு தினம் ஒரு ஓடு.

வந்த பத்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிரசவ வலி இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. எவ்வளவு சத்து மாத்திரை தின்றும் ரத்தம் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, மண்ணு கிண்ணு திங்கிறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்ததில் ஈயம் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இது தாய்ட்டேர்ந்து புள்ளைக்கும் போவும் பெரியவரே. மூளை வளர்ச்சிய பாதிக்கலாம். எவ்ளோன்னு இப்ப சொல்ல முடியாது. மண்ண இன்னியோட நிறுத்துங்க. பேட்டரி கொட்டகை பக்கம்னு சொன்னீங்களே, உங்க வீட்டுத் தூசிலயும் இருக்கும். அந்த வீட்ல இவள வச்சுக்காதீங்க."

எங்கே நைசான வண்டல் படியுமோ, அங்கேதான் அந்தச் சனியனும் வந்து படிந்திருக்கிறது. பார்த்துப் பார்த்து, நல்ல இடமாகத் தேடி, என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ நாள் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தவன்தான். நான் கத்தினதை எல்லாம் கேட்டான்.

"வாய்க்கா மண்ண அள்ளித் தின்னச் சொல்லி நானா சொன்னேன் பெரியவரே? சோறு இல்லியா உங்க வீட்ல?"

கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க பொம்பளைங்க தின்ன மண்ணுடா இது! ஒருத்திக்கு ஒரு தலவலி வந்ததில்ல!"

"அப்ப தின்னுட்டே இருங்க" என்று டம்ளரைக் கவிழ்த்தான். கல்லை எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இழுக்காமல் விட்டிருக்கலாம்.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான்கு ஆபீஸ் படி ஏறி இறங்கினேன், எல்லாப் படியும் ஒன்றுதான். கடைசி ஆபீசில் ஒரு சார், "மண்ண டெஸ்ட் பண்ணணும், மனு எழுதிட்டு வாங்க" என்றார். பையிலிருந்து ஒரு மண் ஓட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"யோவ், எடுய்யா அத! விஷத்த கொண்டாந்து டேபிள்ல வைக்கிற!"

"டெஸ்ட் பண்ணாமலே தெரிஞ்சிருக்கே சார் உங்களுக்கு. அப்ப மனு எதுக்கு?"

வெளியே தள்ளச் சொன்னார். ஓட்டை நான் எடுக்கவில்லை.

பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளை பெறாமல் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று என் மனைவி அழுதாள். பேசினார்கள்தான். மருமகன் கார் கொண்டுவந்தார். ஏறும்போது மகள், "விடுப்பா, கேட்டது நான்தானே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

குத்தாலத்தில் பையன் பிறந்தான். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி நல்லாத்தான் இருக்கிறான் என்றார்கள். புத்தி, காது எல்லாம் எப்படி என்று வளர வளரத்தான் தெரியுமாம். கொட்டகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போது சுவரை உயர்த்திக் கட்டியிருக்கிறான்.

போன வாரம் நானும் என் மனைவியும் குத்தாலம் போயிருந்தோம். பத்து மாதப் பிள்ளை, பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தான். பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். திரும்பினான். இன்னொரு பக்கம் போய் மெதுவாகத் தட்டினேன். திரும்பவில்லை.

"பேரனக் கொஞ்ச வந்தீங்களா, பரீட்ச வைக்க வந்தீங்களா?" என்றாள் என் மனைவி. "வெளையாட்டுல இருக்கான், விடுங்க."

நான் மறுபடி தட்டினேன்.