பாப் ஸ்டார் பின்னலும் சரசு வீட்டு மாடியும்

சேலையூர் கேம்ப் ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் சரசுவுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். புருவம் திருத்தி முடிப்பதற்குள், வந்தவளின் மாமியாரையும் அவளுக்காகத் திட்டித் தீர்த்திருப்பாள். அந்தத் திட்டு கேட்கவே வருகிறவர்களும் உண்டு.

தான்சானியாவிலிருந்து வந்து இங்கே நர்சிங் படிக்கும் நீமாதான், மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் தங்கள் ஊர்ப் பின்னலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாடகி அதே பின்னலோடு மேடையேற, கல்லூரிப் பெண்கள் போனில் அந்தப் படத்தோடு வர ஆரம்பித்தார்கள். சரசுவும் ‘பாப் ஸ்டார் பின்னல்’ என்று பாடகியின் படம் போட்டு போர்டு மாட்டினாள்.

நீமா அதைப் பார்த்துச் சிரித்தாள். “பின்னலை எடுத்துக்கிட்டாங்க, அக்கா. எங்க ஆளுங்களுக்கு ஒரு கஷ்டம்னா மட்டும் அந்த ஸ்டார் வாயே திறக்கல.”

“இன்னா பொம்பள அவ! எட்த்துக்கினா போதுமா?” என்று கண்ணால் கண்டிராத பாடகியைச் சரசு கிழி கிழியென்று கிழித்தாள். போர்டு மட்டும் அங்கேயே தொங்கியது.

இந்த மாதத்தோடு நீமா தங்கியிருந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். எங்கே போவதென்று தெரியாமல் அவள் பார்லரில் வாடி உட்கார்ந்திருந்த அன்று, அடுத்த தெரு கனகவல்லி தன் மகள் சினேகாவைக் கூட்டிவந்தாள். கல்லூரி விழாவுக்குப் பாப் ஸ்டார் பின்னல் வேண்டுமாம்.

பாதித் தலை முடிந்தபோது சரசு கேட்டாள். “உங்க வூட்டு மாடி காலியாத்தானே கீது? நம்ம நீமாவுக்குக் குடுங்களேன்.”

கனகவல்லி குரலைத் தாழ்த்தினாள். “அதெல்லாம் வேணாம்மா. அந்த முடியப் பாரேன், தலைக்குக் குளிப்பாங்களோ என்னவோ.”

சரசுவின் சீப்பு நின்றது. “உங்க பொண்ணு தலையில நான் இன்னா போட்டுகினு கீறேன்? அதே பின்னல்தான். பின்னல் வேணும், பொண்ணு வாணாமா?”

“அவ்ளோ பாசம்னா உன் மாடியக் குடேன். அதுவும் காலியாத்தானே இருக்கு?”

பாடகியைத் திட்டிய சரசுவின் வாய்க்குத் தன் மாடி ஒருநாளும் ஞாபகம் வரவில்லையே! அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற பயம்தான், வேறென்ன? நீமாவுக்கும் அந்த மாடி தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் சரசுவுக்கு இன்னும் வலித்தது. மீதித் தலையைப் பின்னி முடித்தாள்.

அவர்கள் போனதும் வெளியே போய் போர்டைக் கழற்றினாள். உள்ளே வந்து மாடிச் சாவியை நீமாவின் மடியில் போட்டாள்.

நீமா அதைத் தொடவில்லை. “உங்க வீட்டு கேட்ல ‘குடும்பத்துக்கு மட்டும்’னு எழுதி வெச்சிருக்கீங்களே, அக்கா?”

“ஆமா, கீது,” என்றாள் சரசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அப்பொறம் இன்னாத்துக்குடி என்னை அக்கா அக்கான்னு கூப்ட்டுகினு கீற?”