லிக்டன்ஸ்டைன் மாப்பிள்ளை

எனக்கு வந்த வரன்களில் எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஒரே ஒரு வரனுக்கு மட்டும், அவர் வேலை பார்க்கிற நாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

2005ஆம் வருஷம். கூட்டேரிப்பட்டுக்கு உள்ளடங்கிய கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் கொஞ்சம் நெல்லும். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு திண்டிவனத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகைகள் அடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள எல்லோருடைய கல்யாணத்துக்கும் மெய்ப்புப் பார்த்தாயிற்று, இவளுக்கு எப்போது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சமயம்.

தரகர் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பையன் விழுப்புரம், இன்ஜினியர், அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சென்னைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது. எந்த நாடு என்று அப்பா கேட்டார். தரகர் சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு, "ஜெர்மனி பக்கம்னு வெச்சுக்கோங்களேன்" என்றார்.

அப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் இல்லை என் பெரியப்பா. வருவாய்த்துறையில் ஆர்.ஐ.யாக, ஃபிர்கா என்கிற ஒரு கிராமத் தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். பூமியில் எந்த இடமாக இருந்தாலும் அதற்கு ஒரு சர்வே நம்பர் இருந்தாக வேண்டும் என்று நம்புகிறவர். சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். லிக்டன்ஸ்டைன். என் பழைய பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவரச் சொன்னார். ஐரோப்பாவை விரித்துவைத்து பூதக்கண்ணாடியோடு குனிந்தார். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில், பெயர் எழுத இடமில்லாததால், ஒரு புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. அது நாடா அச்சுப் பிழையா என்று என்னைத்தான் கேட்டார், நான் அச்சுத் தொழிலில் இருப்பதால்.

மறுநாள் சென்டருக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் கடையில் உட்கார்ந்து தேடினேன். நாடுதான். மலையும் ரைன் நதியும். ஒரு ராஜா. தலைநகரத்தின் பெயர் வாடூஸ். அச்செடுத்துக்கொண்டு வந்து அன்று சாயந்திரம் வீட்டில் படித்துக்காட்டினேன். அப்பா, பெரியப்பா, மஸ்கட்டில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்த மாமா, மூன்று பேரும் நாற்காலியில். அம்மா அடுப்படி வாசலில்.

"மொத்தம் நூத்தி அறுவது சதுர கிலோமீட்டராம்" என்றேன்.

பெரியப்பா மனதுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு ஃபிர்கா. இதுக்கு எதுக்கும்மா ராஜா? ஒரு ஆர்.ஐ. போதுமே."

ஜனத்தொகை திண்டிவனம் டவுனில் பாதி என்றேன். பட்டாளம் கிடையாது, செலவு கட்டுப்படியாகவில்லை என்று எப்போதோ கலைத்துவிட்டார்கள். கடைசியாகச் சண்டைக்குப் போனபோது எண்பது பேர் போய் எண்பத்தோரு பேராகத் திரும்பினார்கள், வழியில் ஒருவர் சிநேகிதமாகிக் கூடவே வந்துவிட்டார் என்று ஒரு கதை போட்டிருந்தது. மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நல்ல ஜனங்கதான்" என்றார். அவர் வெளிநாட்டு விவகாரத்தில் எங்கள் குடும்பத்தின் கடைசி வார்த்தை.

பெரியப்பாவுக்கு அடுத்தடுத்துக் குறைகள் தென்பட்டன. சொந்தப் பணம் இல்லை, சுவிட்சர்லாந்துப் பணம்தான் செல்லும். சொந்த பாஷை இல்லை, ஜெர்மன். விமான நிலையம் இல்லை. ராஜா இரண்டு வருஷம் முன்பு, எனக்கு அதிகாரத்தைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் வியன்னாவுக்குக் குடிபோய்விடுவேன் என்று சொல்ல, ஜனங்கள் பயந்துபோய் ஓட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "அவரு கெளம்பறேன்னா, போயிட்டு வாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார் பெரியப்பா. எல்லாவற்றுக்கும் மேல் அவர்களுடைய தேசிய தினம் ஆகஸ்ட் பதினைந்து. அன்றைக்கு ராஜா ஊரையே கோட்டைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு பீர் கொடுக்கிறார். இதை நான் படித்ததும் பெரியப்பா தாளை வாங்கித் தேதியைத் தாமே பார்த்தார். நம்முடைய தேதியை எடுத்துக்கொண்டு, அதில் பீரும் குடிக்கிறார்கள் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

அம்மாவின் விசாரணை வேறு மாதிரி. மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருவாள். அவளிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"கடலே இல்லாத ஊருக்கா பொண்ணு குடுக்கறீங்க?" என்றாள் அவள். "சரி, பக்கத்து ஊருல இருக்குதா?"

நான் உள்ளேயிருந்து, "பக்கத்து நாட்டுக்கும் கிடையாது. ரெண்டு பக்கமும் கிடையாது" என்றேன்.

"அப்ப வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வஞ்சிரத்தைத் துண்டு போட ஆரம்பித்தாள்.

பையனைப் பெற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் வரவில்லை, போட்டோதான் வந்தது. அவர் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்தவர். பேச்சுக்கிடையில் குரலைத் தாழ்த்தி, "அந்த நாட்டுல ரயில் போவுதுங்க. ஆனா அது அவங்க ரயில் இல்ல. ஆஸ்திரியாக்காரன் ஓட்டறான்" என்றார். மகனைப் பற்றிய ஏதோ ஒரு குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிற தோரணையில் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை என்னோடு போனில் பேசினார். பெரியவர்கள் அனுமதியோடுதான். அப்பா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார், அம்மா போகவில்லை.

"அந்த ஊரு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"நல்லா இருக்கும்னு நெனைக்கறேன்" என்றார். "நான் அங்க ஒரு ராத்திரிகூட தூங்கினது இல்லைங்க."

எனக்குப் புரியவில்லை.

"வெளி ஆளுங்க தங்கறதுக்கு அனுமதி குடுக்க மாட்டாங்க. நான் இருக்கறது ஆஸ்திரியாவுல. தெனம் காலையில பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கினு, சாயந்திரம் திரும்பிடுவேன். அங்க வேலை செய்யறவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான். தரகர் உங்ககிட்ட எப்படிச் சொன்னாரோ தெரியல, அதான் நானே சொல்லிடலாம்னு."

அதுவரை எனக்கு வந்த வரன்களில் எல்லோருமே இருப்பதைவிட ஒரு மாடி கூட்டித்தான் சொல்லியிருந்தார்கள். ஒருவர் வாடகை வீட்டைச் சொந்த வீடு என்றார். இந்த மனிதர் போனை எடுத்ததும், எனக்கு அந்த நாட்டில் படுக்க இடமில்லை என்று ஆரம்பிக்கிறார். பன்னிரண்டு மணிக்கு ஊரே மூடிக்கொண்டு சாப்பிடப் போய்விடும் என்றார். குளிர்காலத்தில் மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட விறைத்துவிடும் என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

தங்க அனுமதி இல்லை என்ற செய்தி நாற்காலிகளைப் போய்ச் சேர்ந்தபோது பெரிய குழப்பம். "பொழுது போனா வெளியில துரத்தறான்னா என்னமோ இருக்குது" என்றார் பெரியப்பா. அங்கே நிலம் வாங்கவும் முடியாது என்று நான் சொல்லித் தொலைத்திருந்தேன். "பட்டா கெடையாது, படுக்க எடம் கெடையாது. இன்னா ஊருய்யா அது?" மாமா மட்டும் ஐரோப்பா என்றால் ஐரோப்பாதான் என்று நின்றார். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

நான் காபி கொண்டுபோய் வைத்தேன். கையில் அந்த அச்செடுத்த தாள்கள் இருந்தன.

"இன்னொண்ணு போட்டிருக்குது பெரியப்பா. அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வந்ததே எம்பத்தி நாலுலதான்."

பெரியப்பா நிமிர்ந்தார். இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம் என்று அவருக்குக் கணக்கு ஓடியிருக்கும். பிறகு முதல் முறையாக அந்த நாட்டைப் பற்றி முகம் மலர்ந்தார். "பரவால்லையே. கட்டுப்பாடான ஊராத்தான் இருக்குது."

"பொம்பளைங்களுக்கு ஓட்டு குடுக்கலாமான்னு ஆம்பளைங்க மட்டும் ஓட்டு போட்டாங்களாம். ரெண்டு தடவை வேணாம்னாங்களாம். மூணாவது தடவைதான் சரின்னாங்களாம்" என்றேன். "நீங்களும் மூணு தடவை உக்காருவீங்களா?"

அம்மா அடுப்படியில் எதையோ கீழே போட்டாள். மாமா காபியைப் பார்த்தார். பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு எதிலும் ஒரு நடைமுறை இருந்தால் போதும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உக்காந்தா என்ன? மேல்முறையீடுன்னு ஒண்ணு எல்லாத்துக்கும் உண்டே" என்றார்.

அப்படியாக எங்கள் வீட்டில் அந்த நாடு மேல்முறையீட்டில் இருந்தது. இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது மல்லாட்டை பிடுங்குகிற வேலை. ஆள் கிடைக்காத பேஜாரில் அப்பாவுக்கு எந்த நாட்டைப் பற்றியும் பேசப் பொறுமையில்லை. ஒத்திவைத்தார்கள். இதற்கிடையில் பெரியப்பா அச்செடுத்த தாள்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, பதினோரு ஊராட்சிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு ஊராட்சியும் வேண்டுமானால் அந்த நாட்டைவிட்டுப் பிரிந்துபோகலாம் என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் உட்கார்ந்து பழைய சகாக்களுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். எதிர்ப்பவர் என்பதுதான் அவர் நிலை. ஆனால் வேறு யாராவது அந்த நாட்டைக் குறைத்துப் பேசினால் விடமாட்டார்.

நானும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கார்த்திகை மாதம் ஒரு நாள் அவர் குரல் சரியில்லை.

"காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுங்க. நீட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. அடுத்த மாசம் வந்துடறேன்" என்றார். "உங்க வீட்டுல சொல்லிடுங்க. என்ன சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

வருத்தம் இல்லை என்பதை அவர் சொன்ன விதத்தில் நிறைய வருத்தம் இருந்தது. நான் அப்பாவிடம் சொல்லிவிட்டு, கூடவே, "எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. எந்த நாட்டுல இருந்தாலும்" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அப்பா மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா அவ்ளோ காபி மிச்சமாயிருக்கும்" என்றார்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தார்கள். அப்பா எடுத்த எடுப்பில் பேச்சை முடித்தார். பெரியப்பாவும் சரி என்றார், மாப்பிள்ளை இப்போது அந்த நாட்டில் இல்லை என்பதால் ஆட்சேபணைக்கு இடமில்லை என்று காரணமும் சொன்னார். எதிர்த்தவர் மாமாதான். ஐரோப்பா போய்விட்டதே என்று அவருக்குத் தாங்கவில்லை. தை மாதத்தில் கல்யாணம். பத்திரிகையை நானே அடித்தேன். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரைப் போடச் சொல்லி பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். அவர் அங்கே இப்போது இல்லையே என்றேன். "முன்னாள்னு போடு" என்றார். நான் போடவில்லை.

விழுப்புரத்தில் குடித்தனம். அவருக்குப் பாண்டிச்சேரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறி இன்னொரு அரசாங்கத்தின் எல்லைக்குள் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பிவந்தார். இருந்தும் எங்கள் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் அவர் லிக்டன்ஸ்டைன் மாப்பிள்ளைதான். புதிதாகப் பார்க்கிறவர்கள் அது எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பதில் சொல்லிவிடுவார்.

2011இல் அவருடைய கம்பெனி, புது இயந்திரம் ஒன்றுக்காக அவரைச் சுவிட்சர்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. நானும் கூடப் போனேன். ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்து வாடூஸ் போனோம். எல்லை வரும்போது சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு கேமராவைப் பையில் தேடிக்கொண்டிருந்தேன். தேடி எடுப்பதற்குள் எல்லை போய்விட்டது. மேலே குன்றில் கோட்டை, அதற்குள் ராஜா குடும்பம். கீழே சுத்தமான ஒரு தெரு. மணி பன்னிரண்டு அடித்ததும் சொன்னது போலவே ஒவ்வொரு கடையாகக் கதவைச் சாத்தினார்கள். கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்று பேர் மூன்று தடவை உட்கார்ந்து ஆராய்ந்த நாட்டை நான் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன்.

திரும்ப பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. ஆற்றைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து ரயில் ஸ்டேஷன், நடந்தே போய்விடலாம் என்றார். ரைன் நதிமேல் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. மனிதர்களும் சைக்கிள்களும் மட்டும் போகலாம். உள்ளே மர வாசனை. பலகை இடுக்கில் கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. பாதிப் பாலத்தில் எல்லைக்கு அடையாளம் வைத்திருந்தார்கள். அவர் அங்கே நின்றார்.

"வேலை முடிஞ்சிடுச்சுன்னு சொன்ன அன்னைக்கு, உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி இங்கதான் வந்து நின்னுக்கினு இருந்தேன்" என்றார். "உங்க பெரியப்பா என்ன சொல்வாரோன்னு."

"பெரியப்பாவா? நான் என்ன சொல்வேன்னு யோசிக்கலையா?"

"யோசிச்சேன். அதுக்குத்தான் ரொம்ப நேரம் நின்னேன்."

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. குளிரில் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, விழுப்புரத்து மனிதர் ஒருவர் அங்கே தனியாக நின்றிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள் அவருடைய ராஜாவின் அதிகாரங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பின்னால் ஒரு பெண் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனாள், பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுகரையில் இருந்த ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் வர இன்னும் நேரமிருந்தது.