இரண்டாவது தடவை பாடிய பெட்டி

என்னிடம் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இடுப்புயரம். மைசூரில் எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பிறகு அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை அவைதான். தசரா நெருங்கியதும் மனைவிக்கு அந்த இடம் கொலுவுக்குத் தேவைப்பட்டது.

"இந்த வருஷம் ஒண்ணு இதுங்க இருக்கணும், இல்ல பொம்மைங்க இருக்கணும். பேசாம வித்துடுங்க," என்றாள்.

இதற்குத் தூபம் போட்டவன் அவளுடைய தம்பி. அவனிடம் தேங்காய் அளவில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் உண்டு. "சும்னே, சும்மா எதுக்கு மாமா இவ்ளோ பெரிய பொட்டி? என்னோடதுலயும் இதே சவுண்டுதான்." வந்த கோபத்தில் அவனுக்கு வைத்திருந்த காப்பியையும் நானே குடித்துவிட்டேன்.

போட்டி வைப்பது என்று முடிவானது. நாங்கள் இருவரும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். மனைவி ஒரே பாட்டை முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் போடுவாள். என் பெட்டியை நான் அடையாளம் கண்டால் அது வீட்டில் இருக்கும், தவறினால் விற்பனைக்குப் போகும். திசை காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சின்னதைப் பெரியவற்றில் பாடப்போகும் ஒன்றின் தலைமேலேயே உட்கார வைத்தோம். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல சத்தம் என்று நம்பிவிடும், அதனால் இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொன்னேன். அவ்வளவு விவரமானவன் நான்.

பாட்டு ஓடியது. "தகர டப்பா," என்றேன்.

சற்று நேரத்தில் இரண்டாவது தடவை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து, தலையைச் சுவரில் கொடுத்துக் கேட்டேன். மிருதங்கம் வயிற்றில் வந்து விழுந்தது. கண் கலங்கிவிட்டது. துண்டு இருந்ததால் மானம் தப்பியது. "இதுதான் என்னுது. இந்த ஆழம் தேங்காய்க்கு வருமா?"

மைத்துனன் நேர்மையானவன். "ஆமா மாமா, ரெண்டாவது வேற லெவல்," என்று ஒப்புக்கொண்டான்.

துண்டை அவிழ்த்தபோது மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"எண்ணெய் காஞ்சுடுச்சுன்னு ஓடிட்டேன். நான் மாத்தவே இல்லீங்க. அதே பாட்டு தானா மறுபடி ஓடியிருக்கு. ரெண்டு தடவையும் பாடினது தம்பியோடதுதான்."

மைத்துனன் சிரிக்கவில்லை. அவனும்தானே ஏமாந்தான். இருவர் முகத்திலும் அசடு வழிந்தது.

பிறகு அந்தத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்க நடந்து பார்த்தேன். சுவரோரம் வைத்தால் கனத்த குரல், நடுவில் வைத்தால் மெலிந்த குரல். பெட்டியை வைத்துவிட்டு நான் நகர்ந்தாலும் அப்படியே மாறியது. முதல் தடவை சோபா நுனியில் நிமிர்ந்திருந்தேன். இரண்டாவது தடவை சுவரில் சாய்ந்தேன், போதாததற்கு இது என்னுடையதுதான் என்று முடிவும் கட்டிவிட்டேன். சுவர் பாதி பாடியது, என் கர்வம் மீதி பாடியது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் குயில் குஞ்சைக் கொஞ்சியிருக்கிறேன்.

தோற்றவன் பேசக் கூடாது. விற்பனை விளம்பரம் போடப் போனை எடுத்தேன். துக்கமாகத்தான் இருந்தது. மனைவி என் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தாள், அசைத்துப் பார்த்தாள். "ஸ்வல்ப இருங்க. விக்க வேணாம்," என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டையும் படுக்க வைத்தாள், மேலே பலகை போட்டுப் பட்டுத்துணி விரித்தாள். கல்யாணத்தில் அவள் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பிய ராஜா ராணி மரப்பொம்மைகள் அதன்மேல் ஏறி நின்றன. பாட்டுக்குத் தேங்காய் போதும் என்றாகிவிட்டது.

கொலு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் ஸ்பீக்கர்களைப் பாராட்டினார்கள்.

"படி நல்லா கெட்டியா இருக்கே, எங்க வாங்கினீங்க?"