லாலாவைப் பூட்டியவர்

மதுராவில் கண்ணன் பிறந்த இடத்தைப் பார்க்க வருகிறவர்கள், கண்ணனுக்கு முன்னால் பார்ப்பது நேத்ராமின் முகத்தைத்தான். கோயில் வாசலுக்கு எதிரே லாக்கர் கடை வைத்திருக்கிறார். உள்ளே செல்போன் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, பேனா, தீப்பெட்டி, குழந்தையின் கிலுகிலுப்பைகூடக் கூடாது. வாசலில் காவல் நிற்கும் துப்பாக்கிக்காரர்களைத் தாண்டி உடம்பையும் பாவத்தையும் மட்டும் கொண்டுபோகலாம். மற்றதெல்லாம் நேத்ராமின் இரும்புப் பெட்டிகளுக்குள் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை என்று மீசையை நீவிக்கொள்வார். அந்தப் பெருமையில் நியாயமும் இருந்தது. வாங்கினால் உள்ளே வைப்பார், வைத்தால் பூட்டுவார். கைக்கு அப்படி ஒரு பழக்கம். கடைசியில் அந்தப் பழக்கமே அவர் காலை வாரிவிட்டது.

எலும்பு வரைக்கும் இறங்கும் குளிர்காலம் அது. ஜான்ஸிப் பக்கத்திலிருந்து ராம்கலி என்ற பெண் கணவரோடு வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பிரம்புக்கூடை. கூடைக்குள் தவழும் பித்தளைக் கண்ணன், கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு இருந்தான். அந்தச் சீமையில் அவனை வைத்துக் கும்பிடுவதில்லை, லாலா என்று செல்லமாகக் கூப்பிட்டு வளர்க்கிறார்கள். குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பார்கள். ஊருக்குப் போனால் தனியே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ராம்கலிக்கு வேறு பிள்ளை இல்லை.

வாசலில் காவல்காரப் பெண் கூடையை மறித்தாள். "உலோகம்மா. கருவி கத்துது பாருங்க."

"அவன் பிறந்த வீட்டுக்குள்ள அவனையே விடமாட்டீங்களா?"

"அவரே நேர்ல வந்தாலும் சோதனை போட்டுத்தான் விடணும். உத்தரவு அப்படி. எதிர்க்கடையில குடுத்துட்டு வாங்க."

ராம்கலி நேத்ராமிடம் வந்தாள். கூடையைக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

"அண்ணே, பெட்டியில வச்சுடாதீங்க. இருட்டுன்னா லாலாவுக்குப் பயம். மடியில வச்சுக்குங்க. இதோ கிண்ணத்துல வெண்ணெயும் கல்கண்டும் இருக்கு. சாப்பாட்டு வேளைக்கு ஊட்டிவிடுங்க."

"ராதே ராதே! என் பேரன் மாதிரி பாத்துக்கறேன். நிம்மதியாப் போய்ட்டு வா தங்கச்சி."

மனதாரத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் மடியில் வைத்தும் இருந்தார். அதற்குள் குஜராத்திலிருந்து ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கியது. பைகளும் போன்களும் மேலே வந்து விழுந்தன. ஒரு நிமிஷம்தானே என்று கூடையைப் பெட்டிக்குள் வைத்தார். கை தானாகச் சாவியைத் திருப்பியது. அதோடு மறந்தே போனார். சாப்பாட்டு வேளையில் தான் மட்டும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்.

ராம்கலி வாசலைவிட்டு வெளியே வருவதைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய்த் திறந்தார். யாருடைய தோல்பையோ சாய்ந்து, லாலாவின் குல்லாய் கண்ணை மூடியிருந்தது. கிண்ணம் அப்படியே நிரம்பியிருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், வெண்ணெயை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"படுத்தினானா அண்ணே?"

"சேச்சே. மடியை விட்டு இறங்கவே இல்ல. வெண்ணெய் பூரா தின்னுட்டான்."

ராம்கலி குனிந்து லாலாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றது. முந்தானைக்குள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். கோயில் பிரசாதத்தை நேத்ராமின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். வெண்ணெய் இன்னும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பால்பேடா விற்றுக்கொண்டிருந்த மனைவி விம்லேஷ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கம்சன்கூட கண்ணனோட அப்பா அம்மாவைத்தான் பூட்டினான். நீங்க அவனையே பூட்டிட்டீங்க. போதாக்குறைக்கு அவன் வெண்ணெயையும் தின்னாச்சு!"

"சும்மா இருடி."

"நான் இருந்துடுவேன். நீங்க இருந்துடுவீங்களா?"

அவரால் இருக்க முடியவில்லை. ஒருவன் போனைக் கேட்டால் வேறொருவன் செருப்பை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் சாவிக்கொத்தை மனைவியின் மடியில் போட்டுவிட்டு, ஒரு பேடாவை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

ஜான்ஸி பஸ் இன்னும் கிளம்பவில்லை. ராம்கலி ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் பொய் சொன்னேன். பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். வெண்ணெயைத் தின்னது நான்."

"தெரியும். மடியில இருந்த பிள்ளை அப்படிச் சில்லுன்னு இருக்குமா?"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எந்த மூஞ்சியோட கேப்பேன்? அவனைப் பாக்கணும்னு அவனையே வெளியில விட்டுட்டுப் போனவ நான். உள்ள போய் நின்னேன். ஒண்ணுமே கண்ணுல படல. உங்க கடைதான் தெரிஞ்சுது."

"என்னை மன்னிச்சுடு, தாயே."

"என்னை ஏன் கேக்கறீங்க? பட்டினி கிடந்தது அவன்."

நேத்ராம் பஸ்ஸுக்குள் ஏறினார். எதிர் இருக்கையில் உட்காரச் சொல்லி, ராம்கலி லாலாவை அவர் மடியில் வைத்தாள். துணியைத் தாண்டிக் குளிர் தொடையைச் சுட்டது. பேடாவைக் கிள்ளி லாலாவின் உதட்டருகே கொண்டுபோனார். குல்லாயைச் சரிசெய்து, சால்வையால் மூடி, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். டிரைவர் வந்து ஹாரன் அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இறங்குவதற்காக லாலாவைத் தூக்கியபோது விரல் கன்னத்தில் பட்டது. வெதுவெதுவென்றிருந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. கடையிலும் இப்படி மடியில் வைத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும், வேறொன்றும் செய்திருக்க வேண்டாம்.