அத்தையின் முளைப்பாரியும் பத்து மார்க்கும்

அரைப் பரீட்சையில் சயன்ஸுக்கு நான் வாங்கியது நூற்றுக்கு இருபத்தெட்டு. இப்போது அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அப்போது இருந்தது. அப்பா மார்க்குத் தாளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "முழுப் பரீட்சையிலயும் பெயிலானீன்னா புத்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்திருவேன்" என்றார். எங்கள் ஊரிலிருந்து அன்னவாசல் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன பெண்பிள்ளைகள் அந்தக் காலத்தில் இரண்டே பேர். இன்னொருத்திக்கு எண்பது மார்க்கு. அவளை எனக்குப் பிடிக்காது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடையாது, காகிதம் கிடையாது. சயன்ஸ் பாடத்துக்கென்று பள்ளிக்கூடத்தில் இருந்த சாமான்கள் ஒரு காந்தமும் விரிசல் விட்ட ஒரு லென்சும்தான். சயன்ஸ் வாத்தியார் பாவம், மெலிந்த மனிதர், பொறுமைசாலி. ஒருநாள் எங்களைப் பார்த்து, "கடையில எதையும் வாங்கக் கூடாது. வீட்ல இருக்கிறத வச்சே ஒரு சோதனை பண்ணி, நோட்டுல எழுதிக்கிட்டு வாங்க. நல்லாருந்தா பத்து மார்க்குச் சேத்துப் போடுறேன்" என்றார்.

பத்து மார்க்கு என்றதும் வகுப்பே கிறுக்குப் பிடித்து அலைந்தது. ஒருவன் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டான். ஒருவன் பப்பாளித் தண்டை வளைத்து ஒரு சட்டித் தண்ணீரை இன்னொரு சட்டிக்கு இறக்கினான். மூன்றாமவன் ஒரு சீசாவில் தேளைப் பிடித்துக்கொண்டு வந்தான். "இதுல சோதனை எங்கடா இருக்கு?" என்று வாத்தியார் கேட்டதற்கு, "மூடியத் தொறந்தாத் தெரியும் சார்" என்றான். அவனுக்கு மார்க்குக்குப் பதில் இரண்டு குட்டு கிடைத்தது.

நான் எடுத்துக்கொண்டது, செடி வெளிச்சத்தைத் தேடும் என்ற பாடம். முளையை இருட்டில் வைத்து, ஒரே ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் விட்டால், அது அந்தப் பக்கமே சாயும். தினமும் பார்த்து அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான், சுலபம். ஒரு கைப் பயறு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். "திங்கிறதுக்கே பயறக் காணோம், இவளுக்கு மொளைக்க வச்சு வேடிக்கை பாக்கணுமாம்ல!" என்று அகப்பையை ஓங்கினாள். என் பத்து மார்க்கு அத்தோடு போனது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா வந்தது. எங்கள் தெருவுக்கான முளைப்பாரியை எங்கள் வீட்டு நெல் அறையில்தான் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை சட்டிகளில் எருவும் பயறும் போட்டு இருட்டில் வைத்தால், அடுத்த செவ்வாய் வெளியே எடுக்கும்போது முளை மஞ்சளாக, நெட்டையாக, நேராக நிற்க வேண்டும். நின்றால் ஊருக்கும் வீட்டுக்கும் நல்லது. கோணினால் கேடு. உற்றுப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பெரியவர்கள்கூட அதைத் தலை குனிந்துதான் கும்பிடுவார்கள்.

அந்த வருஷம் அதில் அத்தையின் சட்டியும் இருந்தது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, பத்தொன்பது வயது. இலுப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும், மூத்த தாரம் இறந்து இரண்டு பிள்ளைகள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவருவார். கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுப்பதாக வேறு பேச்சு. அத்தைதான் சோறு தண்ணி இல்லாமல் ஒரு மாதிரி இருந்தாள். "வெக்கம்" என்றாள் அம்மா. வெட்கம் வந்தால் பசிக்காது போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துச் சில ஊர்களில், பெண்ணைப் பேசிவிட்டால் அவள் சட்டி முளையை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்த பிறகுதான் பரிசம் போடுவார்கள். அதனால் அத்தையின் சட்டியை மற்றவற்றோடு சேர்க்காமல், நெல் குதிருக்கு இந்தப் பக்கம் ஒரு பலகைமேல் தனியாக வைத்திருந்தார்கள். அதற்கு நேரே சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதை வைக்கோலைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

நான் அந்த அடைப்பைப் பார்த்தேன். சட்டியைப் பார்த்தேன். திருட்டுப் புத்திக்குப் பாடம் நடத்த வாத்தியார் வேண்டியதில்லை.

அறைக்குள் போய்வர உரிமையுள்ளவர்கள் மூன்றே பேர். அம்மா அந்தியில் விளக்கேற்றுவாள். அத்தை தண்ணீர் தெளிப்பாள். நான் அத்தைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகுமுன் வைக்கோலைப் பிடுங்கிவிட்டுப் போனேன். சாயங்காலம் அம்மா வருவதற்குள் திருப்பி அடைத்தேன். சனிக்கிழமையும் அப்படியே. நூல் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். முளை பச்சை பிடித்து, மற்றவற்றைவிடக் குட்டையாக நின்று, ஓட்டையைப் பார்த்துச் சாயத் தொடங்கியிருந்தது. பாடப்புத்தகத்தில் உள்ளது நிஜமாகவே நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சந்தோஷம் தாங்காமல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டு திரிந்தேன். அத்தைகூடப் புளி கொட்டையெடுப்பதை நிறுத்திவிட்டு, "வெளிச்சம் எங்கிட்டோ அங்கிட்டே சாயுமாடி?" என்று கேட்டாள். "ஆமா, எப்பவும்" என்றேன் பெரிய பண்டிதை போல.

அன்று அந்தியில்தான் இடி விழுந்தது. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அக்கா முளை பார்க்க வருகிறாள் என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா பொல்லாதது. மொளை ஒரு முடி கோணியிருந்தாலும் வேணாம்னுட்டுப் போயிரும்."

என்னை நானே வைதுகொண்டேன்: அடி பாவி, அத்தையின் கல்யாணத்தை அல்லவா கெடுத்துவிட்டாய்! ஓடிப்போய் ஓட்டையை இறுக்கி அடைத்தேன். சாய்ந்த முளை எதிர்ப்பக்கம் திரும்பி நிமிரட்டும் என்று சட்டியையும் திருப்பி வைத்தேன். அடைத்துவிட்டால் அது எந்த வெளிச்சத்தைப் பார்த்து நிமிரும் என்று யோசிக்கவில்லை. இருபத்தெட்டு மார்க்கு மூளை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் வைக்கோல் தரையில் கிடக்கிறது. சட்டி பழையபடி திரும்பியிருக்கிறது.

வைக்கோலை அணில் பிடுங்கியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அணில் சட்டியைத் திருப்புமா? மறுபடி அடைத்து, மறுபடி திருப்பிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அதே கதை. அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. மாரியாத்தாதான். அவள் சட்டியில் நான் சயன்ஸ் பண்ணியதற்குக் கோபித்துக்கொண்டுவிட்டாள். "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன், அத்தையக் காப்பாத்து, மாவெளக்குப் போடுறேன்" என்று விழுந்து கும்பிட்டேன். கும்பிட்டு எழுந்து, "ஏழாம் நாள்: சட்டி தானாகத் திரும்பியது" என்று நோட்டில் எழுதினேன். சாமி சாமிதான், மார்க்கு மார்க்குதான்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அக்கா கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். பெண்கள் குலவையிட்டுச் சட்டிகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு எடுத்துவந்தார்கள். எல்லாம் மஞ்சளாக, கொழுகொழுவென்று, முழங்கை உயரம். கடைசியில் அத்தையின் சட்டி வந்தது. சாண் உயரம்கூட இல்லை. பச்சைப் பசேலென்று, சீப்பு வைத்து ஒரு பக்கமாக வாரிவிட்டதுபோல் சாய்ந்து கிடந்தது. குலவை பாதியில் நின்றுபோனது.

"என்னம்மா இது?" என்றாள் அந்தம்மா. "ஒரே அறை, ஒரே தண்ணி. ஒங்க பொண்ணு சட்டி மட்டும் ஏன் இப்படி?"

அவளே முளையை விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"மொளை கோணுனாக் குடி கோணும். ஏற்கெனவே ஒருத்தியத் தூக்கிக் குடுத்திட்டு நிக்கிறான் எந்தம்பி. நாங்க வாரோம்."

மோரைக்கூடத் தொடாமல் வண்டி ஏறிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, நான்தான்..." என்று தொடங்குவதற்குள் அத்தை என் வாயைப் பொத்திவிட்டாள். "புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது அண்ணே, பயந்திருச்சு போல" என்று இழுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

அங்கே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோளிரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஓட்டை, நூல், நோட்டு, அணில், ஆத்தா ஒன்றும் விடவில்லை. அவள் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "யாருட்டயும் சொல்லாத. போனது போச்சு. பசிக்குதுடி, பழைய சோறு இருக்கா பாரு" என்றாள். அன்று அவள் இரண்டு கும்பா சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் என்று நானும் புரிந்துகொண்டேன். நான் மாட்டிக்கொள்ளவில்லை என்பதே பெரிய நிம்மதி. அதற்குமேல் ஆராய எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கட்டுமாவடியில் தபால் வேலை பார்த்த ஒருவருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். அந்த வருஷம் அவள் சட்டி முளை நெல் குதிருக்கு மேலே எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு நேராக நின்றது. மாவிளக்கு வேண்டிக்கொண்டதன் பலன் என்று அப்போதும் நினைத்தேன்.

முளை கோணிய அந்தத் திருவிழா முடிந்த வாரம் வாத்தியார் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பத்துக்கு எட்டு. முழுப் பரீட்சையில் முக்கி முனகி வாங்குவதோடு சேர்த்தால் தேறிவிடலாம். பரண் ஏற வேண்டியதில்லை! வாசலில் நுழையும்போதே அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டுதான் ஓடினேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் அவளுக்கு நோட்டை முழுதாகப் படித்துக் காட்டினேன். ஏழாம் நாளுக்குக் கீழே வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'சட்டி தானாகத் திரும்பாது. யார் திருப்பினார் என்று விசாரித்து எழுதினால் பாக்கி இரண்டு மார்க்கு.'

அத்தை நோட்டை வாங்கி அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தடவினாள். பிறகு, "ஒங்க வாத்தியாரு ரொம்பக் கெட்டிக்காரருடி" என்றாள். "ரெண்டு மார்க்குத்தானே, போனாப் போகுது. நீ விசாரிக்க வேணாம்."

எண்பது மார்க்குக்காரியை எட்டிப் பிடிக்க எனக்கு ஒவ்வொரு மார்க்கும் உயிர். அந்த இரண்டு மார்க்கின் அருமை இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று, அன்று முழுவதும் நான் அத்தையோடு பேசவில்லை.