மாப்பிள்ளை அளந்த அறை

பிள்ளைகளே, சாய்ந்தமருதில் என் மச்சானின் மகளைப் பெண் பார்க்க வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நைரோபி நகரத்து ஆபிரிக்கர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய்கிறவர். எந்த அறைக்குள் போனாலும் கைகளை விரித்து அளந்து பார்ப்பது அவருடைய பழக்கம். அன்றும் அளந்தார்.

நம் ஊரில் பெண்ணுக்குத்தானே வீடு கொடுப்போம்! சீதன வீட்டின் அளவைப் பார்க்கிறார் என்று நினைத்து மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தம்பி, ஊட்ட அளக்கவா வந்தீங்க?"

"இல்ல மாமா, நைரோபியில இந்தளவு அறை ஒண்டுக்குள்ள ஏழெட்டு ஆம்புளையளப் படுக்க வெச்சாங்க. பொஞ்சாதியக் கூட்டி வரவும் இடமில்ல."

பெண்ணின் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "அப்ப அங்க பொம்புளைக்கு ஊடே இல்லியா?"

"இருந்திச்சி மாமி. சில பொம்புளையள் சொந்தமா ஊடு கட்டி, வாடகைக்கும் குடுத்தாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! நம்மட ஊர் மாதிரித்தான். மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்க!" என்றார் பெண்ணின் உம்மா.

சம்பந்தம் முடிவாகிவிட்டது.

"இத முதல்லயே சொல்லிருக்கலாமே தம்பி?" என்று மாப்பிள்ளையின் காதுக்குள் கேட்டேன்.

"ஆரு மாமா கேட்டாங்க? ஆபிரிக்கா எண்டா எல்லாரும் சிங்கத்தத்தான் கேக்கிற."

நான் அடுத்ததாகக் கேட்க நினைத்திருந்ததும் அதைத்தான்.